பச்சை உடம்புக்காரிக்கு யார் துணை?

(பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலூரை ஒட்டிக் கணியம்பாடி என்று ஓர் ஒன்றியம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்காரர்கள் நெடுங்காலமாகப் போய்வந்து பழகிய ஊர்கள் அவை. அங்கே கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடியும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 2002-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பிள்ளை பெற்ற பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். அதே ஆண்டு கோவாவிலிருந்து வந்த ஆய்வில் நூற்றுக்கு 23. அங்கே புதிது, பழையது இரண்டையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். ஆகவே இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் சின்ன எண் இல்லை.

கணியம்பாடியில் யாருக்கு வந்தது? வருமானம் குறைந்த வீட்டுப் பெண்களுக்கு. ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு. மாமியாரோடு ஒத்துப்போகாதவர்களுக்கு, பெற்ற தாய் தகப்பனோடு ஒத்துப்போகாதவர்களுக்கும்தான். மாமியார்களைத் திட்ட வந்திருக்கிறேன் என்று முன்வரிசைப் பெரியம்மாக்கள் கவலைப்பட வேண்டாம், தாய்வீட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஏதாவது இடி விழுந்தவர்களுக்கு வந்தது. கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லாதவர்களுக்கு வந்தது. பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்கள் சரிவது எல்லாப் பெண்களுக்கும் பொது. அந்தச் சரிவில் சிலர் மட்டும் எழ முடியாமல் கிடப்பது ஏன் என்பதற்குப் பாதி விடை இந்தப் பட்டியலில் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட்டு மேலே போகிறேன். பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணம் தெரியாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். அதை நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் இருவருக்கு வருவது வேறு வகை: பொட்டுத் தூக்கம் இல்லாமல், இல்லாத குரல் காதில் கேட்டு, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குவார்கள். அது அவசர சிகிச்சைக்குரியது. காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதித்துப் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது. நான் இன்று பேசப் போவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நோயைப் பற்றி. இரண்டு வாரத்தில் வடியாது. ஆளைத் தெருவில் இறங்கி ஓடவும் வைக்காது. மாதக்கணக்கில் உள்ளுக்குள் அரிக்கும். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் யார் கண்ணிலும் படாது.

ஏன் படாது? வருகிறவர்கள் எல்லாரும் தொட்டிலை எட்டிப் பார்க்கத்தான் வருகிறார்கள். கையில் ஜான்சன் டப்பா, வாயில் "யார் ஜாடை?" என்ற கேள்வி. பெற்றவள் சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். காதில் பஞ்சு, இலையில் பத்தியச் சோறு, காலையும் மாலையும் காயம். உடம்புக்கு வேண்டிய பக்குவம் எல்லாம் நடக்கிறது. குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை. அவளும் சொல்லமாட்டாள். "என் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை" என்று எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? அதனால் அது வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. பால் பத்தவில்லை என்பாள், தலை பாரமாக இருக்கிறது என்பாள், இடுப்பு விட்டுப்போச்சு என்பாள்.

இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. பத்துக் கேள்விகள் போதும். எடின்பரோ கேள்வித்தாள் என்று அதற்குப் பெயர். ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் 1987-இல் வெளியிட்டார்கள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்பது போலப் போகும். கடைசிக் கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. தமிழிலும் அது வந்து, வேலூர்ப் பகுதித் தாய்மாரிடம் சோதிக்கப்பட்டு, 2005-இல் அந்த முடிவும் வெளியாகிவிட்டது. ஆக, கேட்பதற்குக் கேள்வி இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. பிறகு? மருந்து இருக்கிறது, தனிப்பட்ட ஆலோசனை இருக்கிறது. கடுமையான சோர்வுக்கு இரண்டும் வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்துகளை மருத்துவர் பார்த்துத் தருவார். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தத் தாய்மாருக்கு உரையாடல் சிகிச்சை கொடுத்தார்கள். சோர்வு நன்றாகக் குறைந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுறவும் கூடவே சீராகியிருக்கும் என்று பார்த்தால், சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்தும் அது அவ்வளவாகச் சீராகவில்லை. 2007-இல் வெளிவந்த முடிவு இது. நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது என்ன? தாய் தேறினால் பிள்ளை தானாகத் தேறிவிடும் என்று. அப்படி நடக்கவில்லை.

பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும் என்பார்கள். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த சோதனை ஒன்று உலகப் பிரசித்தம். தாய் குழந்தையோடு கொஞ்சிப் பேசுகிறாள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பதில் வராது என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அது சில நிமிட நடிப்பு. தாய் மறுபடி சிரித்துவிடுவாள். சோர்வில் விழுந்த தாயின் முகம் பல நாள் அப்படியே இருக்கிறது. குழந்தையும் மெல்ல மெல்லக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்துத் தாய், "இதுக்கும் என்னைப் பிடிக்கலை" என்று இன்னும் உள்ளே போகிறாள். முடிச்சு இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து அவள் மட்டும் மருத்துவர் எதிரே உட்கார்ந்தால் அது எப்படி அவிழும்?

இந்தக் கேள்வியோடுதான் குழுச் சிகிச்சைக்கு வருகிறோம். தாய்மார் சிலர், அவரவர் குழந்தையோடு, வட்டமாக உட்காருவது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்டீன் பக்கரிங் வளர்த்தெடுத்த ஒரு முறையில் வாரம் ஒரு நாள், பதினான்கு வாரம் வர வேண்டும். காலையில் குழந்தைகள் பக்கத்து அறையில் பராமரிப்பாளர்களிடம்; தாய்மார் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசுவார்கள். மதியம் குழந்தைகளோடு சேர்ந்து சாப்பாடு. பிற்பகலில், வீட்டில் அவரவர் குழந்தைக்கு ஊட்டும்போது எடுத்த வீடியோவைப் போட்டு எல்லாரும் பார்ப்பார்கள். அங்கே குற்றம் கண்டுபிடிப்பது வேலை இல்லை. சரியாக நடந்த கணங்களைத் தேடுவதுதான் வேலை. தன்னை உதவாக்கரைத் தாய் என்று நம்பிக்கொண்டிருப்பவளிடம், "நீ கரண்டியை நீட்டுவதற்கு முன்னால் அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தாய், பார்" என்று இன்னொரு தாய் சொல்வதற்கு இருக்கும் பலம் மருத்துவர் சொல்வதற்கு இல்லை. மருத்துவர் ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று அவள் தள்ளிவிட முடியும்; பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தானும் அதே குழியில் கிடப்பவள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை லண்டனில் நடந்தது. ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கைச் சேர்ந்த ரோஸி பெர்கின்ஸும் டெய்சி ஃபேன்கோர்ட்டும் முன்னின்று நடத்தினார்கள், 2018-இல் வெளிவந்தது. பிரசவ மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ள 134 தாய்மாரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை, பத்து வாரம், குழந்தைகளோடு சேர்ந்து பாட்டு. இன்னொரு பிரிவுக்கு அதே பத்து வாரம், அதே மாதிரிக் கூட்டம், ஆனால் பாட்டுக்குப் பதில் விளையாட்டும் கைவேலையும். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை மட்டும்.

பாட்டுக் கூட்டத்தில் வித்தை எதுவும் இல்லை. வழிநடத்தும் பாடகி ஒருவர், பாய் விரித்த தரை, மடியில் குழந்தை. முதலில் கேட்பது, பிறகு சேர்ந்து பாடுவது, போகப்போகத் தாய்மை பற்றித் தாங்களே புதுப் பாட்டுக் கட்டுவது. பல நாட்டுப் பாட்டுகள்; அர்த்தம் தெரியாத மொழியிலும் பாடினார்கள். குரல் வளம் யாரிடமும் கேட்கப்படவில்லை.

முடிவை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். பத்தாம் வாரத்தில் மூன்று பிரிவினருமே முன்னைவிடத் தேறியிருந்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பிரிவுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சோர்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, பாட்டுப் பிரிவினர் வேகமாகத் தேறினார்கள். ஆறாம் வாரத்திலேயே அவர்களுடைய அறிகுறிகள் சராசரியாக 35 சதவீதம் குறைந்திருந்தன. விளையாட்டுப் பிரிவுக்கு அந்த வேகம் கிட்டவில்லை. நாலு வாரம் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன என்று கேட்கலாம். மூன்று மாதக் குழந்தைக்கு நாலு வாரம் என்பது அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு.

இதில் நான் கவனிப்பது விளையாட்டுப் பிரிவைத்தான். அவர்களும் கூடினார்கள், அவர்களுக்கும் துணை கிடைத்தது. "நாலு பேரைப் பார்த்துப் பேசினால் சரியாகிவிடும்" என்ற நம் வீட்டு வைத்தியம் உண்மையானால் இரண்டு பிரிவும் ஒரே வேகத்தில் தேறியிருக்க வேண்டும். கூடுவது முக்கியம், கூடி என்ன செய்கிறோம் என்பது அதைவிட முக்கியம். தாய்மாரிடம் பிறகு விசாரித்தபோது அவர்கள் சொன்ன காரணங்கள் எளிமையானவை. பாடினால் குழந்தை அடங்குகிறது. வீட்டில் இரவிலும் அது கைகொடுக்கிறது. ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்ற நிமிர்வு வருகிறது. அந்த ஒரு மணி நேரம் மனம் வேறு எங்கும் ஓடுவதில்லை. அழுகிற பிள்ளையைத் தன் குரலால் அடக்கிய தாய்க்கு, "நான் இதற்கு லாயக்கில்லை" என்ற நினைப்பின் பிடி கொஞ்சம் தளர்கிறது. அந்த நினைப்புதான் இந்த நோயின் ஆணிவேர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு டென்மார்க், இத்தாலி, ருமேனியா ஆகிய நாடுகளில் இதே முறையை நடத்திப் பார்த்தது.

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. வாசிக்கிறேன்: "தாலாட்டுப் பாடியே வளர்ந்த சமூகம் நாம். லண்டன்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா?" நல்ல கேள்வி. கைதட்டுகிறவர்கள் தட்டலாம். பதிலையும் கேட்டுக்கொள்ளுங்கள். கணியம்பாடிப் பெண்கள் தாலாட்டு தெரியாதவர்களா? சுற்றம் இல்லாதவர்களா? ஏழாம் மாதம் வளைகாப்பு, தாய்வீட்டுப் பிரசவம், பெரியவர்களின் கைப்பக்குவம், இத்தனைக்கும் நடுவில் வாழ்ந்தவர்களில்தான் நூற்றுக்கு 11 பேர் விழுந்தார்கள். நம்முடைய தாலாட்டுகளைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவற்றில் பாதி குழந்தைக்கு, பாதி பாடுகிறவளின் மனக்குறை. மாமன் சீரைப் பாடுகிற சாக்கில் புகுந்த வீட்டைக் குத்துவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்றே சில அடிகள் வரும். ஆனால் தூளிக்குப் பக்கத்தில் அவள் தனியாகத்தான் பாடினாள். அவள் பாடி முடித்ததும் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்ல எதிரே இன்னொரு பச்சை உடம்புக்காரி இல்லை. பாட்டு நம்மிடம் இருந்தது. அவளைப் போன்றவர்களின் வட்டம் இல்லை. பெரியவர்கள் சூழ இருப்பதை அதற்கு ஈடாகச் சொல்ல முடியாது. பெரியவர்கள் முன்னால் அவள் மருமகள் அல்லது மகள், அங்கே சொல்லக் கூடாதவை நிறைய.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜார்க்கண்டின் சராய்கேலா கர்சாவான், மேற்கு சிங்பூம் மாவட்டங்களிலும், ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்திலும் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு பெண்கள் குழுக்களை நடத்தியது. பெரும்பாலும் ஆதிவாசி கிராமங்கள். மாதம் ஒரு கூட்டம், மொத்தம் 20 கூட்டங்கள். நடத்துகிறவர் மருத்துவரோ நர்ஸோ அல்ல, அந்தப் பகுதிப் பெண். பிறந்த குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்பதுதான் பேச்சு. படங்களை வைத்து, கதை சொல்லி, விளையாடி, காரணங்களைத் தாங்களே கண்டுபிடித்து, தாங்களே வழி தேடி, செய்து பார்த்து, சரியாக நடந்ததா என்று தாங்களே கணக்கும் பார்த்தார்கள். 2010-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. குழுக்கள் நடந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை மரணம் மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவு. இதற்காகவே அந்த ஆய்வு புகழ்பெற்றது.

அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. தாய்மாரின் மனச்சோர்வையும் அவர்கள் அளந்திருந்தார்கள். மூன்று ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. மூன்றாம் ஆண்டை மட்டும் பார்த்தால் நடுத்தர மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் கூட்டங்களின் நோக்கம் மனச்சோர்வுச் சிகிச்சை அல்ல. தங்கள் பிரச்சினையைத் தாங்களே தீர்க்கலாம் என்ற அனுபவமும், கூட ஆள் இருக்கிறது என்ற பழக்கமும் ஊறிவர இரண்டு ஆண்டு பிடித்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஆறு மாதத்தில் அறிக்கை கேட்கும் அதிகாரிகள் இந்தக் கணக்கை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வது நல்லது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர் நடத்திய திட்டத்திலிருந்து ஒரே ஒரு பாடம். அது குழு இல்லை. அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியது. 903 தாய்மார்; ஆறாம் மாதத்தில் சோர்வில் இருந்தவர்கள் திட்டத்துக்கு உட்பட்டவர்களில் 23 சதவீதம், மற்றவர்களில் 53. அவர்கள் வாசலில் நின்று "உங்கள் மருமகளுக்கு மனநோய், சிகிச்சைக்கு வந்திருக்கிறோம்" என்று சொல்லவில்லை. "குழந்தை நன்றாக வளர என்ன செய்யலாம், பேச வந்திருக்கிறோம்" என்றார்கள். கதவு திறந்தது. குழந்தையின் பேரைச் சொன்னால் நம் பக்கத்து வீடுகள் எதற்கும் சம்மதிக்கும். தாயின் பேரைச் சொன்னால் யோசிக்கும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் இருக்கிற வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே "மனச்சோர்வுத் தாய்மார் குழு" என்று பலகை மாட்டாதீர்கள். அந்தப் பலகைக்குக் கீழே எவளும் வந்து உட்காரமாட்டாள். குழந்தைகள் வட்டம் என்றோ தாலாட்டு வட்டம் என்றோ இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழ்நாட்டில் இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. வட்டமாக உட்கார்ந்து பேச நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் கடன், தவணை. கைக்குழந்தைக்காரி அந்தக் கூட்டத்துக்கு வருவதும் குறைவு.

அவள் தவறாமல் வரும் இடம் ஒன்று உண்டு: தடுப்பூசி. பிரசவமாகி 6-ஆம் வாரம், 10-ஆம் வாரம், 14-ஆம் வாரம். மனச்சோர்வைத் தேடிப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. தாயும் சேயும் சேர்ந்தே வருகிறார்கள், அழைத்துவரப் பெரியவர்களும் தடை சொல்வதில்லை. புதன்கிழமை ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போகச் சொல்வது வழக்கம். அந்த அரை மணி நேரம் இன்று எப்படிக் கழிகிறது? குழந்தை வீறிடும், தாய் வாசலைப் பார்ப்பாள், நர்ஸம்மா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அங்கே ஒரு பாய் விரியுங்கள். பத்துக் கேள்வியைத் தனித்தனியே, மாமியார் காதில் விழாத தூரத்தில் கேளுங்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து பாடுங்கள். அழுகிற குழந்தைகள் இருக்கும் இடத்தில் பாடச் சொன்னால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். தேவைப்படுகிறவர்களை அங்கிருந்து வாராந்தர வட்டத்துக்கு அங்கன்வாடிக்கு அழையுங்கள்.

சில எச்சரிக்கைகள். ஏற்கெனவே முதுகொடிய வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் தலையில் இதையும் கட்டினால் பதிவேட்டில் மட்டும்தான் வட்டம் நடக்கும். நடத்துவதற்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும், அவளுக்குப் பயிற்சி வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். சேவை மனப்பான்மை என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. வட்டத்தில் உபதேசம் கூடாது. தாய்ப்பாலின் பத்து நன்மைகளை அங்கே ஒப்பித்தால், பால் சுரக்காதவள் மறுவாரம் வரமாட்டாள். வட்டத்தில் பேசியது ஊர்க்கிணற்றடிக்குப் போகக் கூடாது. பத்தாம் கேள்விக்கு ஆம் என்று சொன்னவளைப் பாட்டோடு அனுப்பிவிடக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அடிக்கும் கணவனும் ஒழுகும் கூரையும் பாட்டால் மாறப்போவதில்லை. குறைந்த வருமானம் கணியம்பாடிப் பட்டியலில் இருந்ததை மறந்துவிடாதீர்கள்.

இந்த அரங்கில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். சுய உதவிக் குழுத் தலைவிகளும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஓர் அங்கன்வாடியில், ஒரு வட்டத்தை, மூன்று ஆண்டு விடாமல் நடத்திக் காட்டுங்கள். அதுவரை யாருக்காவது அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.